மூன்றுதரம்

எங்கள் சபையில் ஏலம் கீழ்நோக்கித்தான் போகும்.
சவோ காடுகளுக்கு நடுவே, ஏரி உறைந்த ஜனவரியில்,
ஆராதனை முடிந்த கையோடு,
நனைந்த கம்பளி நாறும் கூடத்தில்.
அனாதைகளை நாங்கள் விற்பதில்லை,
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
வைத்து வளர்க்க ஆண்டுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்போம்.
யார் மிகக் குறைவாகக் கேட்கிறாரோ
பிள்ளை அவருக்கு.

நான் எழுத்தன். பேரேடு என் பொறுப்பு.
குளிரில் மை கட்டிக்கொள்ளும்;
புட்டியை அக்குளில் இடுக்கி இளக்குவேன்.

அந்த வருடம் மூன்று பேர்.
கண் தெரியாத ஒரு கிழவர், ஒரு கைக்குழந்தை,
அப்புறம் ஈதா. ஏழு வயது.
செத்துப்போன அம்மாவின் காலுறை,
நழுவாதபடி சணலால் கட்டியிருந்தது.
பெஞ்சின் மேல் ஏறி நில் என்றார் பாதிரியார்.
கையைக் காட்டு என்றார் யாரோ.
உள்ளங்கையைக் காட்டினாள்,
கேட்காமலேயே திருப்பிப்
புறங்கையையும் காட்டினாள்.

அறுபது மார்க் என்றது ஒரு குரல்.
ஐம்பத்தைந்து.
லொவீசா ஐம்பது என்றாள். கைம்பெண், ஒரே பசு,
மகளைப் புதைத்து வருடம் ஆகவில்லை.
நாற்பத்தெட்டு.
நாற்பத்தைந்து, மறுபடி லொவீசா.
அவள் விரல்கள் பாவாடை மடிப்பில்
எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

ஒரு சின்னக் கணக்கு.
ஏழு வயதுப் பிள்ளை ஒரு வருடம் தின்னும் ரை மாவு,
உப்பு மீன், கொஞ்சம் பால்:
அடக்க விலை நாற்பத்துநான்கு மார்க்.
எனக்குத் தெரியும். மாவு வாங்கிப் பழகிய
எல்லோருக்கும் தெரியும்.

நாற்பது, என்றார் தாவெத்தி.

லொவீசா வாயைத் திறந்தாள்.
மூடிக்கொண்டாள்.
பொய்க் கணக்கு அவளுக்கு வரவில்லை.

முப்பத்தாறு என்றார் ஒருவர், விளையாட்டுப் போல.
முப்பத்தொன்று, தாவெத்தி.
"பொட்டைப் பிள்ளை, கொறிக்கத்தானே செய்யும்!"
சிரித்தோம்.
யாரோ எழுந்து அடுப்புக்கு விறகு தள்ளினார்.
நாற்பத்துநான்கில் முப்பத்தொன்று போனால் பதின்மூன்று.
அந்தப் பதின்மூன்றை
எந்த வயிற்றிலிருந்து எடுப்பீர் என்று
ஒருவரும் கேட்கவில்லை.
தாவெத்தி நல்ல மனிதர்தான்.
ஏரிப் பனிக்கட்டி உடைந்து என் குதிரை உள்ளே போனபோது
கயிறோடு முதலில் ஓடி வந்தவர்.

ஒருதரம்.
எழுத்தன் ஏலம் கேட்கக் கூடாது என்பது விதி.
இரண்டுதரம்.
எங்கள் வீட்டில் ஒரு கட்டில் காலி.
விதிப் புத்தகத்தில் இருப்பதும் என் கையெழுத்துதான்.
மூன்றுதரம்.

ஈதா முழங்கால் மடக்கி வணங்கினாள்.
பெஞ்சிலிருந்து இறங்கும்போது
என்னிடம் மெல்லக் கேட்டாள்:
"நல்ல விலைக்குத்தானே போனேன்?"
நான் மை ஒற்றிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் பிறந்ததும் தாவெத்தி வந்தார்,
தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு.
இருமல் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.
மீதி ஒன்பது மாதப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்,
ஒப்பந்தம் அப்படி.
பெட்டிக்குப் பலகை என்னுடையது,
அதைக் கழித்துக்கொள்ளுங்கள் என்றார்.
நியாயம்தானே. கழித்தோம்.
சின்னப் பெட்டி, இரண்டு மார்க்குக்கு மேல் ஆகவில்லை.
இருபத்தொன்றேகால் வரவு.
கூட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்;
அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கணக்கு முழுமையாகாது.

லொவீசா இப்போதெல்லாம்
சபைக்கு வருவதில்லை. அவளுக்குக் கர்வம் என்கிறார்கள்.

இதோ, இன்னொரு ஜனவரி.
இந்த முறை ஐந்து பேர்.
முன்வரிசையில் தாவெத்தி, காப்பிக் கோப்பையோடு,
பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு இடம் விட்டு நகர்கிறார்.
ஒரு பையன் பெஞ்சின் மேல் ஏறுகிறான்.
யாரும் சொல்லும் முன்பே
கைகளை நீட்டுகிறான்.

பாதிரியார் என்னைப் பார்க்கிறார்.
அக்குளிலிருந்து புட்டியை எடுத்துக் குலுக்குகிறேன்.
இளகிவிட்டது, தொடங்கலாம் என்கிறேன்.